45 நிமிடமும் அரை கிலோமீட்டரும்

(சதுரங்கப்பட்டினத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை வாசிக்கக் கூப்பிட்டீர்கள். ஆஸ்பத்திரி பற்றிப் பேசப்போகிறேன், கோவிச்சுக்காதீங்க.

இங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரன் நம்ம கடற்கரைக்கு வந்தது மஸ்லின் துணிக்காக. அவனுடைய நெதர்லாந்து, தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு. அங்கே ஒரு அளவுகோல் வைத்தார்கள்: அவசர நோயாளி 45 நிமிடத்துக்குள் ஆம்புலன்சில் ஆஸ்பத்திரி போய்ச் சேரணும். ஒரு ஆஸ்பத்திரியை மூடும் பேச்சு வந்தால் அந்தக் கணக்கைப் பார்த்தார்கள். (அந்தச் செல்வத்தில் காலனிகளின் ரத்தம் எவ்வளவு என்பது தனிக் கூட்டத்துக்கான விஷயம்.)

அதே அளவுகோலை இங்கே வைப்போம். திருக்கழுக்குன்றத்தில் அரசு ஆஸ்பத்திரி. செங்கல்பட்டில் 1965இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, சுமார் 30 கிலோமீட்டர். 2008இலிருந்து 108 வண்டி. பக்கத்திலேயே கல்பாக்கத்தில் அணுசக்தித் துறை ஆஸ்பத்திரி, அது முதலில் அதன் ஊழியர் குடும்பங்களுக்கானது. இருந்தும் நாம் பாஸ் மார்க் வாங்கிவிடுவோம். வடமாநிலங்களோடு ஒப்பிட்டால் தமிழ்நாடு பெருமைப்படலாம், நான் மறுக்கவில்லை.

ஆனால் கடிகாரத்துக்குச் சாதி தெரியாது. கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை பற்றி 2006இல் ஓர் ஆய்வு நூலாக வந்தது. 11 மாநிலங்கள், 565 கிராமங்கள். அவற்றில் 33 சதவீதக் கிராமங்களில் பொதுச் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுத்தார்கள். கவனியுங்கள், ஊழியர் இருக்கிறார், சம்பளம் வாங்குகிறார், கிராமத்துக்கும் வந்துவிட்டார். 30 கிலோமீட்டரை வண்டி கடந்துவிடும். ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கிற அரை கிலோமீட்டரைக் கடக்க எந்த வண்டி?

நான் வங்கியில் நகைக்கடன் கவுன்ட்டரில் உட்காருகிறவன். கம்மலைக் கழற்றி வைக்கிற அம்மாக்கள் நாம் கேட்காமலே சொல்வார்கள்: "தனியார்ல சேத்திருக்கோம் சார்." இலவச ஆஸ்பத்திரி இருக்கேம்மா என்றால், "அங்க நாய வெரட்ற மாதிரி வெரட்றாங்க." அவர்கள் கட்டுகிற வட்டி மருந்துக்கு மட்டுமல்ல, மரியாதைக்கும் சேர்த்துத்தான். எந்தப் புள்ளிவிவரத்தில் இது வரும்?

எனவே, கிராம செவிலியர் எந்த நாளில் எந்தத் தெருவுக்குப் போனார் என்பதற்குப் பதிவேடு உண்டு. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். வாங்கிக்கொண்டு சேரியில் வீடுவீடாகப் போங்கள். வந்தார்களா, வாசலோடு போனார்களா, உள்ளே வந்து உட்கார்ந்தார்களா, தேதியோடு எழுதுங்கள். திருக்கழுக்குன்றம் பக்கத்துப் பிள்ளைகள் யார் யார்? கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்க, ஊர்களைப் பிரித்துக்கொள்வோம்.