சோளகத்தில் ஓடிய படகு
(மாவட்டத் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு நமது தோட்டங்களிலிருந்து வருடந்தோறும் ஆட்கள் போகிறார்கள். இம்முறை நாங்கள் பதினொரு பேர் போனோம். தேர் முடிந்ததும் நேரே திரும்பவில்லை. எங்கள் டிவிஷனில் பிறந்த பிள்ளை ஒருத்தி அனலைதீவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு என் வீட்டை எட்டிப் பார்க்காமல் போவதா என்று கோபித்துக்கொண்டாள். ஊர்காவற்றுறைக்குப் போய் அங்கிருந்து படகு ஏறினோம்.

சின்னத் தீவு அது. பனை, மீன்பிடி, புகையிலை. நல்ல தண்ணீர் அருமை. நாங்கள் குளித்த குளியலைப் பார்த்து அந்தப் பிள்ளையின் மாமியார் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்தது. அங்கே "தோட்டத்துக்குப் போட்டு வாறன்" என்று ஒருவர் மண்வெட்டியோடு கிளம்பினால், தன் சொந்த நிலத்துக்குப் போகிறார் என்று அர்த்தம். அந்தச் சொல்லை நாம் இருநூறு வருடமாக வேறு மாதிரி அல்லவா சொல்லி வருகிறோம்!

எங்களை ஏற்றிச் சென்றவர் எழுபது கடந்த ஒரு அப்பு. இப்போது படகை மகன்தான் ஓட்டுகிறார். அப்பு சும்மா அணியத்தில் உட்கார்ந்திருக்கிறார். சும்மா என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். மறுநாள் திரும்ப வேண்டிய நேரத்தில் சோளகம் எழும்பிவிட்டது. மகன் உட்பட நாலைந்து இளைஞர்கள் கரையில் நின்று அப்புவின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாம், பொழுது சாய நிண்டு பாப்பம்" என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்களில் இருவருக்கு மறுநாள் காலையில் பிரட்டுக்கு நிற்க வேண்டும், ஒரு நாள் பேர் போய்விடுமே என்ற பதற்றம். ஆனாலும் நின்றோம். காத்திருந்த அந்த நேரத்தில்தான் அவர் பேசினார்.

வாலிபத்தில் இரவில் பிரசவ வலி கண்ட பெண்களையும் பாம்பு கடித்தவர்களையும் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதைகள். எத்தனை பேர் என்று கேட்டோம். எண்ணவில்லை என்றார். "கூப்பிட்டால் போறதுதானே" என்பதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை. படகு தள்ளும்போது ஐயனாரே என்று ஒரு சொல். பிறகு கை வேலையைப் பார்க்கும்.

குமுதினிப் படகைப் பற்றியும் கேட்டோம். 1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த பயணிகளை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். கைக்குழந்தையைக்கூட விடவில்லை. வருடந்தோறும் நினைவுகூருகிறோம். ஆனால் அப்பு சொன்ன வரைக்கும் நாங்கள் யோசிக்காத ஒன்று உண்டு. அந்தப் படகைப் பழுதுபார்த்து மறுபடி அதே வழியில் ஓட விட்டார்கள். சனம் மறுபடி அதில் ஏறியது. வேலைக்குப் போக வேண்டுமே, பிள்ளை படிக்க வேண்டுமே. முதல் நாள் அதில் கால் வைத்த அந்தப் பெண்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அனலைதீவுக்குப் பக்கத்தில் புளியந்தீவு என்று ஒரு திட்டு இருக்கிறது, நாகதம்பிரான் கோயிலோடு. அங்கிருந்து ஒரு நாகம் பூவை வாயில் கவ்விக்கொண்டு கடலை நீந்தி நயினாதீவு அம்மனுக்குச் சாத்தப் போனதாம், வழியில் கருடன் மறித்ததாம். ஐதீகம்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் படகில் ஆடிக்கொண்டே கேட்டபோது, நாகத்துக்கு அம்மன் படகு அனுப்பவில்லையே, அது தானே நீந்தியது என்று எங்களில் ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தோம்.

இதையெல்லாம் சங்கக் கூட்டத்தில் ஏன் சொல்கிறோம்? நாம் முல்லோயாவில் 1940இல் சுடப்பட்ட கோவிந்தனைப் பேசுகிறோம். டெவனில் 1977 மே மாதம் தோட்டக் காணிக்காக நின்று சுடப்பட்ட சிவனு லெட்சுமணனைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். அதே நாட்களில் நோயாளியைக் கம்பளியில் கட்டி மேட்டு லயத்திலிருந்து ரோட்டுக்குச் சுமந்தவர்களும், கொழுந்து லொறியில் பிரசவம் பார்த்த கிழவிகளும் இருந்தார்கள். அவர்களில் உயிரோடிருப்பவர்களை நாம் என்ன செய்கிறோம்? அறுபது வயதானதும் பேர் வெட்டுகிறார்கள். சந்தா நின்றதும் சங்கமும் மறந்துவிடுகிறது. அனலைதீவுப் பொடியன்கள் அப்புவைக் கேட்காமல் படகு தள்ளுவதில்லை. நமது கமிட்டிக் கூட்டத்தில் கடைசியாக ஒரு இளைப்பாறிய அம்மாயியை எப்போது பேச விட்டோம்?

ஒரு வழக்கைச் சொல்கிறோம். நமது அங்கத்தவர் ஒருவர் 2019இல் வேலையை விட்டு நின்றார். 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்கூலித் தொழிலாளிக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம், அதுவும் 30 நாட்களுக்குள். தோட்டத்து ஏட்டில் அவர் பேர் விழுந்தது 1985 என்று இருந்தது. அவரோ அதற்கு எட்டு வருடம் முந்தி என்றார். எட்டு வருடம் என்றால் 112 நாட் சம்பளம். கோயிலில் வைத்த பெயர் ஒன்று, செக்ரோலில் வேறொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. தோட்டங்கள் 1992இல் கம்பெனிகளுக்குக் கைமாறியதற்கு முந்திய ஏடு கிடைக்கவில்லை.

அந்த லயத்தில் எண்பது தாண்டிய அம்மாயி ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னார்: டெவனில் பொடியனைச் சுட்ட அடுத்த மாதம் இவள் பேர் பதிந்தாள், பழைய மலையில் கவாத்து நடந்தது, கங்காணி இன்னார். அந்தக் கங்காணியின் மகனைத் தேடிப் போனோம். தகரப் பெட்டிக்குள் பழைய சம்பளத் துண்டுகள் இருந்தன, செக்ரோல் பெயரோடு, 1977 ஜூலை முதல். தொழில் காரியாலயத்தில் வைத்தோம். 112 நாட் சம்பளமும் கிடைத்தது.

அம்மாயி இன்றைக்கு இல்லை. போன மழைக்காலத்தில் போய்விட்டார். அவரோடு போன கணக்கு எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே கமிட்டிகளிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். இந்த மாதச் சந்தா சேர்க்கப் போகும்போது ஒரு கொப்பியும் கொண்டு போங்கள். ஒவ்வொரு லயத்திலும் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவரிடம் உட்காருங்கள். யார் எந்த வருடம், எந்தக் கங்காணிக்குக் கீழ், எந்தப் பெயரில் பேர் பதிந்தார்கள் என்று எழுதுங்கள். வருடம் தெரியாவிட்டால் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள், அது அவர்களுக்குத் தெரியும். பெட்டியிலிருக்கும் துண்டுகளைப் போட்டோ எடுங்கள், மூலத்தை வாங்கி வராதீர்கள். அவசரப்படுத்தாதீர்கள், ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரமாவது இருங்கள். கொப்பிகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், எழுதத் தந்த பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு. முன்வரிசைக் கதிரைகள் அவர்களுக்கு.