பெயரெழுதிய படங்கள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். என் இளைய மகன் என் மேலதிகாரியின் மூக்கை முழ நீளத்துக்கு வரைந்து, கீழே அவர் பெயரையும் எழுதிவிட்டான். அடித்தேன், நோட்டுப் புத்தகத்தையும் பிடுங்கிப் பூட்டிவைத்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதன் பின்னரே இக்கலையைப் பற்றிப் படிக்கலானேன்.

ரோமாபுரியில் கெட்ஸி (1674–1755) என்றொரு ஓவியர் இருந்தார். கண்ணில் பட்ட பாதிரிமாரையும் பாடகரையும் பேனாவும் மசியும் கொண்டு கேலியாக வரைந்தார். 1723இல் விவால்டி என்னும் இசை மேதையும் அவரிடம் அகப்பட்டார். மூக்குத்தான் படத்தில் பிரதானம்! ஆனால், வரையப்பட்டவர் இன்னார் என்று படத்தின்கீழ்க் குறித்துவைப்பது கெட்ஸியின் வழக்கம்.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் தஞ்சை ஓவியர்கள் கம்பெனித் துரைமாருக்காக மனித உருவங்களை வரைந்தனர். கணவனும் மனைவியும் இணையாக நிற்பர்; கையில் தொழிற்கருவி இருக்கும். வண்ணம் அழகு, ஆடையின் மடிப்பு அழகு. கோணல் இல்லை, கேலி இல்லை. ஆனால் கீழே பெரும்பாலும் சாதியும் தொழிலும்தான் எழுதப்பட்டன. எதிரே நின்றவர் பெயர் என்ன? எழுதவில்லை. வரைந்தவர் பெயரும் பெரும்பாலும் இல்லை. மூக்கை நீட்டியவன் மனிதனைக் குறித்துவைத்தான். மூக்கைச் செம்மையாக வரைந்த படமோ அவனை மாதிரிச் சரக்காக்கிவிட்டது. என்னை உறுத்தியது இதுவே.

மசியில் மட்டும் பெரிய பேதமில்லை. அக்காலத்தில் ஐரோப்பியர் பரவலாகக் கையாண்ட எழுது மசி, இரும்புச் சத்தும் மாசிக்காய்த் துவர்ப்பும் கூடியது. நம் திருக்காளத்திக் கலம்காரியில், கடுக்காயும் பாலும் ஏற்றிய துணிமேல் மூங்கில் எழுதுகோலால் கோடிழுக்கின்றனர். அதற்கு மசி, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்தது. கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்டதும் கோடு கறுக்கிறது. துருப்பிடித்த இரும்புக்கு இத்தனை பெருமையா என்று ரயில்வேக்காரனாகிய நான் வியந்தேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாளே பையன் என் வழுக்கைத் தலையை வரைந்துகொண்டு வந்தான். கீழே, இனிஷியலோடு என் பெயர்.