கவாத்து இல்லாமல் கனி இல்லை

வானொலி மறையுரை
பாஸ்கா காலத்தின் 5ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
நற்செய்தி: யோவான் 15:1-8



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு தம்மைத் திராட்சைக் கொடிக்கும், தந்தையாம் இறைவனைத் தோட்டக்காரருக்கும், நம்மைக் கிளைகளுக்கும் ஒப்பிடுகிறார். பனியன் தொழிலை நம்பி வாழும் நமக்கு இந்த ஒப்புமை கொஞ்சம் தூரமானது. பழக்கடையில் கிலோ கணக்கில் வாங்கும் திராட்சையை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கொடியை, பந்தலை, அங்கே நடக்கும் வேலையை அவர்கள் பார்த்ததில்லை. ஆகவே இன்று முதலில் தோட்டத்திற்குள் போவோம்.

தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி போன்ற ஊர்களில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டுத் திராட்சை வளர்க்கிறார்கள். அங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. 1832ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் குருவானவர் ஒருவர் இந்தத் திராட்சையைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 2023ஆம் ஆண்டு கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே தோட்டம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகள். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமே பந்தலுக்கு அடியில் நிற்கும்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வேலையைப் பார்த்தால் நமக்கு மனம் பதறும். இலையும் கொடியுமாகப் பச்சைப்பசேல் என்று பந்தல் மூடியிருக்கும். கத்தரியை எடுத்து, ஒவ்வொரு கிளையிலும் சில கணுக்களை மட்டும் விட்டுவிட்டு மீதி அத்தனையையும் வெட்டிக் கீழே தள்ளுவார்கள். இதற்குத்தான் கவாத்து என்று பெயர். வெட்டிய இடத்தில் நீர் சொட்டும். பார்ப்பவருக்குக் கொடி அழுவது போலத் தெரியும். பந்தல் மொட்டையாகிவிடும். ஆனால் அந்த நாளிலிருந்து ஏறத்தாழ 110, 120 நாளில் அதே கொடியில் கருநீலக் குலைகள் தொங்கும்.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு செய்தி உண்டு. இயேசு வாழ்ந்த நாட்டில் குளிர்காலம் வந்தால் கொடி தானாகவே இலை உதிர்த்து உறங்கிவிடும். நம் ஊரில் அப்படிக் கடுங்குளிர் இல்லை. விட்டால் கொடி ஆண்டு முழுவதும் பச்சையாகவே ஓடிக்கொண்டிருக்கும். இலை இருக்கும், கொடி நீளும், பார்க்கச் செழிப்பாக இருக்கும்; ஆனால் நம்பி எதிர்பார்க்கும்படி காய்க்காது. ஆகவே நம் ஊர்த் திராட்சைக்குக் கத்தரிதான் குளிர்காலம். அதுதான் அதற்கு ஓய்வு. ஓய்வு கிடைத்த கொடிதான் காய்க்கும்.

அன்புக்குரியவர்களே, யோவான் நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் இந்த இடத்தில் ஓர் அழகு இருக்கிறது. கனி தரும் கிளையைத் தந்தை கழித்துவிடுகிறார் என்று சொல்ல நற்செய்தியாளர் பயன்படுத்தும் சொல் 'கத்தாய்ரோ'. தூய்மையாக்குவது என்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். அடுத்த வசனத்திலேயே, தம்முடைய வார்த்தையால் சீடர்கள் ஏற்கெனவே தூய்மையாகிவிட்டார்கள் என்று இயேசு சொல்லும்போது வருகிற சொல் 'கத்தரோஸ்'. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. கவாத்து செய்வதும் கழுவித் தூய்மையாக்குவதும் நற்செய்தியாளருக்கு ஒன்றுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். கனி தராத கிளை அகற்றப்படுகிறது. கத்தரி படுவதோ நன்றாகக் காய்க்கிற கிளையின் மேல். இன்னும் அதிகம் காய்க்க வேண்டும் என்பதற்காகவே தந்தை அதைத் தொடுகிறார்.

இனி அந்தக் கனியிலிருந்து வரும் இரசத்தைப் பார்ப்போம். பழைய முறையில் இரசம் செய்வதற்குத் தேவையானவை பழுத்த திராட்சை, சுத்தமான பாத்திரம், பொறுமை. திராட்சையின் தோலின் மேலேயே நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழத்தை மசித்து வைத்தால் அவை பழத்தின் சர்க்கரையை உண்டு தாமாகவே நொதிக்க வைக்கும். தோலிலிருந்து நிறம் இறங்கும். பிறகு பிழிந்து, வண்டலைத் தெளியவிட்டு, காற்றுப் படாமல் வைக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் இரசம் புளித்துக் காடியாகிவிடும். மனிதர் சேர்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை; காத்திருக்க வேண்டும், காவல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருப்பலிக்கான இரசம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் எண், திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகக் கிடைத்த, கெட்டுப்போகாத இரசத்தையே பயன்படுத்தச் சொல்கிறது. 2004ஆம் ஆண்டு இறைவழிபாட்டுப் பேராயம் தந்த அறிவுரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்நியப் பொருள் எதுவும் கலந்திருக்கக் கூடாது. எங்கிருந்து வந்தது, உண்மையானதுதானா என்ற ஐயம் இருந்தாலே அதைத் தொடக் கூடாது. கிறிஸ்துமஸ் காலத்தில் சில வீடுகளில் சர்க்கரை, கோதுமை, கிராம்பு எல்லாம் போட்டுச் செய்யும் இரசம் ருசியாக இருக்கலாம். பலிபீடத்திற்கு அது ஆகாது. உரிமம் இல்லாமல் வீட்டில் இரசம் செய்வது நம் மாநிலச் சட்டப்படியும் குற்றம் என்பதை மறக்க வேண்டாம். திருப்பலி இரசத்திற்கும் அரசின் உரிமம் தேவை.

கலப்பில்லாத இரசம் கிண்ணத்தில் தொடங்குவதில்லை, மண்ணில் தொடங்குகிறது. திராட்சைக்குச் சாம்பல் நோய் வரும், அடிச்சாம்பல் நோய் வரும். மழை பிடித்தால் ஒரே வாரத்தில் தோட்டம் போய்விடும். அந்தப் பயத்தில் அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். இயற்கை முறைக்கு மாற விரும்பும் குடும்பம் தொழு உரம், வேப்பம் புண்ணாக்கு, தேவைப்பட்டால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை என்று பழைய வழிக்குத் திரும்ப வேண்டும். திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு இயற்கை வேளாண்மைச் சான்று கிடைக்கப் பொதுவாக மூன்று ஆண்டுகள் ஆகும். அந்த மூன்று ஆண்டுகளில் விளைச்சல் குறையலாம். விலையோ பழைய விலைதான். அந்த நட்டத்தைத் தாங்குவது அந்தச் சிறு குடும்பம். லேவியர் நூல் 19ஆம் அதிகாரம், புதிதாக நட்ட மரத்தின் கனியை மூன்று ஆண்டுகள் தொட வேண்டாம் என்கிறது. நான்காம் ஆண்டுக் கனி ஆண்டவருக்கு உரியது. நிலத்திற்குக் காலம் கொடுக்க வேண்டும் என்பது இறைவனின் பழைய கட்டளை.

சான்று என்றதும் உங்களுக்கு நம் தொழில் நினைவுக்கு வந்திருக்கும். ஆர்கானிக் பருத்தி, அதற்கு ஒரு சான்றிதழ், பையர் அனுப்பும் ஆடிட் எல்லாம் நமக்குப் பழக்கமானவை. ஆடிட் வரும் நாளில் கம்பெனி பளபளவென்று இருக்கும். குடிதண்ணீர் இருக்கும், முதலுதவிப் பெட்டி இருக்கும், வேலை நேரம் ஏட்டில் சரியாக இருக்கும். மறுநாள் எப்படி இருக்கும் என்பது அங்கே வேலை செய்கிற உங்களுக்குத் தெரியும். கொடிக்கு ஆடிட் நாள் என்று ஒன்று கிடையாது. வேருக்குப் போன நீர் எதுவோ அதுதான் கனியில் வரும்.

நம் நொய்யல் ஆற்றை நினைத்துப் பாருங்கள். அது வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. மலையை விட்டு இறங்கியதும் தொண்டாமுத்தூர் வட்டாரம். அங்கேயும் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்ட விவசாயிகள் உண்டு. அதே ஆறு கோவையைக் கடந்து, சூலூரைக் கடந்து நம்மிடம் வருகிறது. நம்மிடம் வந்தபின் சாயமாகி, கிழக்கே ஒரத்துப்பாளையம் அணைக்குப் போனது. பாசனத்திற்காகக் கட்டி 1992இல் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுக் குட்டையாகிவிட்டது. அணையில் நீர் இருக்கிறது, தயவுசெய்து திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. எந்த விவசாயியாவது அப்படிக் கேட்பாரா? கேட்க வைத்தது நம் ஊர்.

அந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்த மாதங்களை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வேலையில்லாமல் ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள், பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பெற்றோர், வங்கிக் கடனில் மாட்டிய சிறு முதலாளிகள். அதன்பின்தான் கழிவுநீரை வெளியே விடாமல், சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையை நம் தொழில் உண்மையாக ஏற்கத் தொடங்கியது. இன்று அதையே வெளிநாட்டுப் பையர்களிடம் பெருமையாகச் சொல்லுகிறோம்.

அது ஒரு கவாத்து, சகோதரர்களே. ஆனால் அதை இனிப்பாகச் சொல்லிக் கடந்துவிட நான் விரும்பவில்லை. தோட்டக்காரர் வெட்டும்போது எந்தக் கணுவை விட வேண்டும் என்று பார்த்து வெட்டுகிறார். வெட்டியபின் எருவும் நீரும் வைக்கிறார். 2011இல் வெட்டு முதலில் விழுந்தது தவறு செய்தவர் மேல் அல்ல, தினக்கூலிகள் மேல். ஏன் அப்படி ஆயிற்று? கையில் கத்தரி இருந்தும் நாம் ஆண்டுக்கணக்கில் வெட்டாமல் விட்டோம். நாமே நேரத்தில் கழித்திருந்தால், அரிவாள் அடிமரத்தில் இறங்கியிருக்காது. இன்றும் மழை நாளில் ஆற்றில் நுரை பொங்குவதைப் பார்க்கிறோம். யாரோ ஒருவர் இன்னும் இரவில் குழாயைத் திறக்கிறார். அவர் ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு ஆலயத்திலோ கோவிலிலோ கைகூப்பி நிற்பவராகவும் இருக்கலாம்.

இப்போது நம் வீட்டுக் கொடிக்கு வருவோம்.

திருப்பூருக்கும் குளிர்காலம் இல்லை. ஆர்டர் வந்தால் ஒன்றரை ஷிப்ட், அவசரம் என்றால் விடிய விடிய, ஞாயிறும் வேலை. வருமானம் வருகிறது, வீடு எழுகிறது, பந்தல் பச்சையாகத்தான் தெரிகிறது. ஆனால் அப்பா முகத்தைப் பிள்ளை பார்த்து எத்தனை நாள்? கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி எத்தனை வாரம்? இலை மட்டும் ஓடுகிற கொடி அது. முதலாளியாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைத் தொழிலாளிக்கு உரிமையாகக் கொடுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். தொழிலாளியாக இருப்பவர்கள் கூடுதலாகக் கிடைக்கும் அந்த அரை ஷிப்டில் எதை விற்கிறோம் என்று ஒரு முறை கணக்குப் பாருங்கள்.

திராட்சை இரசத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் போனால் அது நேர்மை ஆகாது. விவிலியத்தில் முதன்முதலில் திராட்சைத் தோட்டம் போட்டவர் நோவா. முதன்முதலில் குடித்து மயங்கித் தம் பிள்ளைகள் முன் மானம் இழந்து கிடந்தவரும் அவரே. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு கடைக்குப் போகும் சகோதரரே, வீட்டில் உங்கள் காலடிச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை இருக்கிறது. கானாவூரில் ஆண்டவர் இரசம் தந்தது ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சியைக் காப்பாற்ற. உங்கள் குடும்பத்தின் மகிழ்ச்சியைக் குடிப்பதற்கு அதைச் சாட்சியாக்காதீர்கள். இந்தக் கிளையை இன்றே வெட்டுங்கள். தனியாக முடியாவிட்டால் பங்குத்தந்தையிடம் வாருங்கள், மருத்துவரிடம் போகலாம், கூட வருகிறோம். வெட்டிய இடத்தில் சில நாள் நீர் சொட்டத்தான் செய்யும்.

காணிக்கை நேரத்தில் குரு கிண்ணத்தை உயர்த்தும்போது, மண்ணின் கொடையையும் மனிதரின் உழைப்பையும் சேர்த்தே இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கிறார். கம்பம் தோட்டத்துக் குடும்பத்தின் உழைப்பு மட்டுமல்ல, இந்த வாரம் நீங்கள் தைத்தது, வெட்டியது, அயர்ன் போட்டது, சாயம் ஏற்றியது எல்லாம் அந்தக் கிண்ணத்தோடு மேலே போகிறது. கலப்பில்லாத இரசத்தைத்தான் திருச்சபை அங்கே அனுமதிக்கிறது. நாம் கொண்டுவரும் உழைப்பும் அப்படி இருக்கட்டும்: அதில் யாருடைய கிணற்று நீரும் கெடாமல், யாருடைய கூலியும் குறையாமல், எந்தக் குழந்தையின் கண்ணீரும் கலக்காமல்.

மன்றாடுவோம்: தோட்டக்காரராகிய எங்கள் தந்தையே, நீர் வெட்டும்போது உம் கையை நாங்கள் தட்டிவிடாதிருக்க எங்களுக்குத் துணிவு தாரும். எங்கள் ஆற்றையும் மண்ணையும் நலமாக்கும். எங்கள் குடும்பங்களுக்கு ஓய்வின் நாளைத் திருப்பித் தாரும். உம் திருமகனோடு இணைந்து நிலைக்கும் கனி தர அருள்புரியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.