போன் கணக்குக் கேட்கட்டும், பிள்ளை விடை சொல்லட்டும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தையும் நிறுவையையும் பற்றிப் பேசுகிற இந்த இடத்தில் இன்று பிள்ளைகளின் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விசயம் அல்ல. முதலில் ஒரு கணக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் மனதில் போட்டுப் பாருங்கள்.

அம்மா காலையில் எடுத்த கொழுந்து 7 கிலோ 650 கிராம். பகலில் 8 கிலோ 900 கிராம். பின்னேரம் 5 கிலோ 750 கிராம். மொத்தம் எவ்வளவு? 22 கிலோ 300 கிராம். சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று ஒவ்வொரு நிறுவைக்கும் 1 கிலோ கழித்தால் மீதி 19 கிலோ 300 கிராம். முழுப்பேருக்கு 20 கிலோ கேட்டால் 700 கிராம் குறைவு. 2 கிலோவுக்கு மேல் கூடுதலாகப் பறித்த அம்மாவுக்கு அரைப்பேர்!

இது ஐந்தாம் தரக் கணக்குத்தான். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை நாளைக்குப் பரீட்சையில் புள்ளி எடுக்கும். தராசுக்குப் பக்கத்தில் நின்று கேள்வியும் கேட்கும்.

இப்போது போன் விசயத்துக்கு வருகிறேன். சாட் ஜிபிடி, ஜெமினி என்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்திருக்கின்றன. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் தருகின்றன. டியூசனுக்கு டவுனுக்கு அனுப்பப் பணமும் இல்லை, பின்னேரம் பஸ்ஸும் இல்லை என்கிற தோட்டத்துக்கு இது பெரிய விசயம். பல வீடுகளில் பிள்ளைகள் ஏற்கெனவே பாவிக்கிறார்கள். ஆகவே பாவிக்கலாமா கூடாதா என்று பேசிப் பயனில்லை. எப்படிப் பாவிப்பது என்றுதான் பேச வேண்டும்.

நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வீட்டில் செய்து கொண்டு வரும் கணக்குகள் எல்லாம் சரி. கொப்பியில் ஒரு பிழையும் இருக்காது. வகுப்பில் ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்தபோது கணக்குப் பகுதியில் பாதிக்கு மேல் வெற்றிடம். அவனுடைய அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "ராவு பத்து மணி வரைக்கும் முழிச்சிருந்து படிக்கிறான் சேர்" என்றார். உண்மைதான், முழித்துத்தான் இருந்தான். கேள்வியைப் படம் எடுத்துப் போனுக்குக் காட்டி, வந்த விடையை எழுதிக் கொண்டிருந்தான். அவன் சோம்பேறியும் அல்ல, திருடனும் அல்ல. அதுதான் படிப்பு என்று நினைத்துக் கொண்டான். எப்படிப் படிப்பது என்று அவனுக்கு நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இது நம்முடைய தோட்டத்தில் மட்டும் நடக்கிற விசயம் அல்ல. துருக்கி நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பாடசாலை மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2025இல் வெளியானது. விடையை அப்படியே தரும் செயலியைப் பாவித்த மாணவர்கள், பயிற்சி நேரத்தில் மற்றவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு செயலி இல்லாமல் பரீட்சை வைத்தார்கள். அதில் அதே மாணவர்கள், செயலியே பாவிக்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த செயலியைப் பாவித்தவர்களுக்கு அந்த நட்டம் வரவில்லை. ஆனால் பரீட்சையில் பெரிய லாபமும் வரவில்லை. இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள். விடை தரும் போன் கெடுக்கும். குறிப்புத் தரும் போன் கெடுக்காது, ஆனால் அது ஆசிரியரும் ஆகாது.

புலமைப்பரிசில் பரீட்சையின் இரண்டாம் வினாத்தாளில் 60 கேள்விகள். நேரம் ஒன்றேகால் மணித்தியாலம். ஒரு கேள்விக்கு 75 செக்கன்தான். அந்த மண்டபத்தில் போன் இல்லை. பிள்ளையின் தலைக்குள் இருப்பது மட்டும்தான் அங்கே கூட வரும்.

அப்படியென்றால் என்ன செய்வது? போனிடம் நாம் கணக்குக் கேட்கக் கூடாது. போன்தான் நம் பிள்ளையிடம் கணக்குக் கேட்க வேண்டும். அதற்கு முதலிலேயே இப்படி எழுதுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் மைக் அடையாளத்தை அமர்த்திப் பேசினாலும் போதும்:

"என் பிள்ளை இலங்கையில் ஐந்தாம் தரம் படிக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கணக்கு மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்ல வேண்டாம். பிள்ளை பிழையாகச் செய்தால் ஒரு சிறிய குறிப்பு மட்டும் கொடுங்கள். இரண்டு முறை முயற்சி செய்த பிறகே விளக்குங்கள்."

முதலில் சொன்ன கொழுந்துக் கணக்கை எடுப்போம். கிலோவைத் தனியாகவும் கிராமைத் தனியாகவும் கூட்டிவிட்டு, 20 கிலோ 2300 கிராம் என்று எழுதி நிறுத்தும் பிள்ளைகள் நிறைய. அந்த இடத்தில் போன் "22 கிலோ 300 கிராம்" என்று சொல்லிவிட்டால் பிள்ளை ஒன்றும் கற்கவில்லை. "ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம்?" என்று திருப்பிக் கேட்டால் பிள்ளை யோசிக்கும். 1000 என்று சொல்லும். பிறகு 2300க்குள் இரண்டு கிலோ இருப்பதைத் தானே கண்டுபிடிக்கும். அப்படிக் கண்டுபிடித்தது மறக்காது.

கணக்கைக் கொப்பியில்தான் செய்ய வேண்டும். கொப்பியில் செய்து முடித்த பிறகுதான் விடையைப் போனில் போட வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும். எழுத்தாகக் கேள்வி பதில் செய்தால் டேட்டா குறைவாகவே போகும், வீடியோதான் டேட்டாவைத் தின்னும். ஒரு லயத்தில் நான்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஒரு போன் போதும். ஒருவர் கேள்வியை வாசிக்க, எல்லோரும் அவரவர் கொப்பியில் செய்யட்டும்.

"எங்களுக்கு எழுத்து வாசிக்கவே வராது, நாங்கள் எப்படிப் பார்த்துக் கொள்வது?" என்று அம்மாமார் கேட்பீர்கள். உங்களால் முடிகிற வேலைதான் இங்கே முக்கியமான வேலை. பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதை எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லு." தானாகச் செய்த பிள்ளை சொல்லும். பார்த்து எழுதிய பிள்ளை திணறும். அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எழுத்துத் தேவையில்லை, பிள்ளையின் முகமே போதும். அதோடு நிறுவைக் கணக்கும், கடைக் கணக்கும், அரிசி மாவு அளவும் உங்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் போனுக்கும் தெரியாது.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, போன் பிழையும் விடும். பிழையையும் சரி மாதிரியே உறுதியாகச் சொல்லும். நாங்கள் சதம் என்பதை அது பைசா என்று எழுதும். லீற்றரை லிட்டர் என்கும். பாடநூலில் இல்லாத முறையில் வகுத்துக் காட்டும். அரசாங்கம் இலவசமாகத் தரும் கணித பாடநூலும் பரீட்சைத் திணைக்களத்தின் பழைய வினாத்தாள்களும்தான் நமக்கு அளவுகோல். சந்தேகம் வந்தால் அடையாளம் போட்டு வைத்து, அடுத்த நாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டு, இந்தச் செயலிகள் சின்னப் பிள்ளைகள் தனியாகப் பாவிப்பதற்கு உரியவை அல்ல. சாட் ஜிபிடியின் விதிப்படி 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்தாம் தரப் பிள்ளைக்குப் பத்து வயதுதான். ஆகவே போன் பெரியவர் கையில் இருக்கட்டும். அக்காவோ அண்ணனோ பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்று, பிள்ளையின் முழுப்பெயர், பாடசாலை, படம், அடையாள அட்டை இலக்கம் எதையும் அதில் போட வேண்டாம். கணக்குக்கு அவை தேவையில்லை.

கடைசியாகச் சங்கத்தின் பேச்சு ஒன்று. இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை கைநாட்டு வைத்தது. இனி "பிள்ளைகளிடம் போன் இருக்கிறதே, கணித ஆசிரியர் எதற்கு?" என்று யாராவது சொல்ல வந்தால், அதை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது. குறிப்புக் கொடுக்கும் போனால்கூடப் பரீட்சையில் பெரிய லாபம் வரவில்லை என்று சொன்னேன். வகுப்புக்கு ஆசிரியர் வேண்டும், தோட்டத்துக்குச் சிக்னல் வேண்டும், லயத்துக்கு ஒழுங்கான வெளிச்சம் வேண்டும். போனைப் பாவித்துக் கொண்டே இவற்றையும் கேட்போம்.

அந்தப் பையனைப் பற்றிப் பாதியில் விட்டுவிட்டேன். இப்போது அவன் படம் எடுப்பதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் வகுப்பில் அவனே போனைப் பிடித்து மற்றப் பிள்ளைகளுக்குக் கேள்வி வாசிக்கிறான். அவனுடைய கொப்பியில் இப்போது பிழைகள் இருக்கின்றன. வெட்டி, திருத்தி, மறுபடி செய்த பிழைகள். அந்தக் கொப்பியைப் பார்த்து எனக்குச் சந்தோசம்.

இன்று ராவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் இன்றைய நிறுவையைச் சொல்லிக் கூட்டச் சொல்லுங்கள். எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.