ஆஸ்டல் கதவும் நம் பெண்களும்



கோவையில் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகின. காட்டு வேலையை விட்டு வந்த வாலிபன் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் குடியிருந்தான். டீக்கடையில் பத்திரிகை படிக்கக் கேட்டான். சங்கத்துக்குச் சந்தா கட்டினான். பண்ணையார் வாசலில் கைகட்டி நின்றவன் நிமிர்ந்து பேசினான். நோம்பிக்கு ஊர் போனால் தகப்பனே அவனிடம் யோசனை கேட்டார்.

பின்னாளில் பெண்களும் வீட்டை விட்டு வந்தார்கள். திண்டுக்கல், தேனி, திருநெல்வேலிப் பக்கத்து ஏழைக் குடிசைகளுக்குத் தரகன் போனான். மூன்று வருஷம் மில் வேலை, முடிவில் கல்யாணத்துக்கு 30,000 அல்லது 50,000 ரூபாய் என்றான். ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர். பெயர் வைப்பதில் முதலாளிக்கு ஈடு யார்! அவள் கூலியில் பிடித்து வைத்த பணந்தான் அது. நடுவில் நோயில் விழுந்து திரும்பியவர்கள் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. கண்டனம் எழுந்தது, பெயர் மறைந்தது. ஆஸ்டல் பூட்டு மறையவில்லை. இன்று ஒடிசா, ஜார்க்கண்டுப் பெண்களும் வருகிறார்கள்.

அந்த வாலிபனை ஆளாக்கியது தெருவும், கூட்டாளிகளும், கையில் வாங்கிய கூலியும். இவளுக்கு மூன்றுமே இல்லை. தம்பி படிப்பும் வீட்டுக் கடனும் இவள் உழைப்பில் ஓடுகின்றன. கல்யாணப் பேச்சில் மட்டும் இவளை யாரும் கேட்பதில்லை. ‘வெளியில் தங்கியவள்’ என்று ஏசுகிற வாயும் உண்டு.

பெண்ணை அனுப்புகிறவர்கள் கேளுங்கள்: கூலி மாதாமாதம் அவள் பேரில் பாங்கில் விழுகிறதா? ஞாயிற்றுக்கிழமை கேட் திறக்குமா? முடியவில்லை என்று வந்து நின்றால் திருப்பி அனுப்பாதீர்கள். பாஸ்புத்தகத்தோடு அவளைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்; அவளே பேசட்டும்.