தொப்பியும் பூணூலும்



ராமேசுவரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. ஐந்தாம் வகுப்பு. முதல் வரிசையில் இரண்டு பையன்கள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் தலையில் தொப்பி, இன்னொருவன் தோளில் பூணூல். புதிதாக வந்த வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை. தொப்பிக்காரப் பையனைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். அவன் எழுந்து போனபோது பூணூல் போட்டவன் அழுதுவிட்டான்.

எழுந்து போனவர் அப்துல் கலாம். அழுதவர் ராமநாத சாஸ்திரி, கோயிலின் தலைமைக் குருக்கள் லட்சுமண சாஸ்திரியின் மகன். இருவரும் வீட்டில் சொன்னார்கள். குருக்கள் வாத்தியாரைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போங்கள் என்று கறாராகச் சொன்னார். வாத்தியார் வருந்தினார், மனம் மாறினார். 1999இல் வந்த 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாமே இதை எழுதியிருக்கிறார்.

இரண்டு பிள்ளைகளிடமும் அடையாளம் இருந்தது. எழுப்பப்பட்டவன் ஒருவன்தான். தன் மகனுக்குச் சாதகமாக நடந்ததையே அந்தத் தகப்பனார் தட்டிக் கேட்டார் பாருங்கள், அதுதான் பெரிது.

பள்ளியில் அடையாளச் சிக்கல் இன்றும் ஓயவில்லை. சாதி வன்மத்தில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளியில் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. ஆசிரியப் பெருமக்களே, கயிற்றைக் கழற்றச் சொல்லும்போது எளிய வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் சொல்லாதீர்கள். ஊர்ப் பெரியவர் வீட்டுப் பிள்ளையின் மணிக்கட்டையும் பாருங்கள்.