அரசமரம் பிள்ளை கொடுக்குமா?
(தாம்பரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச வந்தது மரஞ்செடிகளின் பிள்ளைப்பேற்றைப் பற்றியாகும். பல்லாவரம் முதல் வண்டலூர் வரை பல இடங்களில் அரசையும் வேம்பையும் சேர்த்து நட்டு, கலியாணமும் செய்து வைத்து, அடியில் பிள்ளையாரையும் நாகக்கல்லையும் நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தையில்லாத பெண்கள் அதைச் சுற்றி வருகிறார்கள். ஆகவே, அம்மரத்திற்கே பிள்ளை எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் விசாரிப்போம்.

பூ என்பது சாமி தலையில் வைப்பதற்காக உண்டானதல்ல. அது செடியின் பிறப்புறுப்பு. மகரந்தத்தை உண்டாக்குவது ஆண்பாகம். சூலை வைத்திருப்பது பெண்பாகம். மகரந்தத்தூள் பெண்பாகத்தின் முடியில் ஒட்டி, குழாய்விட்டு இறங்கிச் சூலைச் சேர்ந்தால் விதை உண்டாகும். செம்பருத்தியில் இரண்டு பாகமும் ஒரே பூவில் உண்டு. பூசணியில் ஒரே கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பனையிலோ மரமே வேறு. 1694-இல் ஜெர்மனியில் கமராரியஸ் என்பவர் ஆமணக்குச் செடியின் ஆண்பூக்களை விரியுமுன் கிள்ளிவிட்டார். வெறுங்கூடுகள் மிஞ்சினவே தவிர விதை உண்டாகவில்லை. எந்த மந்திரத்தாலும் அக்குறை தீர்ந்திராது.

இனி அரசுக்கு வருவோம். “அத்தி பூத்தாற்போல” என்கிறோம். அத்தியும் ஆலும் அரசும் ஒரே குலம். அவற்றின் பூ நம் கண்ணில் படாததற்குக் காரணம், காயென்று நாம் எண்ணும் உருண்டைக்குள்ளேயே நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் அடைபட்டிருப்பதுதான். அதன் நுனித் துவாரத்தில் ஒரு சிறு பெண்குளவி சிறகொடிய நுழைந்து, தான் கொண்டுவந்த மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு மடிகிறது. அதன் குஞ்சுகளில் ஆண்கள் வழி குடைய, பெண்கள் புது மகரந்தத்தோடு வேறு மரம் தேடிப் பறக்கின்றன. இக்குளவி வராவிட்டால் அரசுக்கு விதையில்லை!

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1880-களில் ஸ்மிர்னா அத்தியைக் கொண்டுபோய் நட்டார்கள். காய்கள் பழுக்காமல் உதிர்ந்தன. அவர்கள் மரத்தைச் சுற்றவில்லை, காரணத்தைத் தேடினார்கள். 1899-இல் குளவியைக் கொண்டுவந்து நிலைபெறச் செய்தபின் மரம் காய்த்தது.

தன் பிள்ளைக்கே குளவியை நம்பியிருக்கும் மரம் உங்களுக்குப் பிள்ளை கொடுக்குமா? வேம்பு வேறு குடும்பம். அதன் பூவைத் தேடித் தேனீ முதலிய பூச்சிகள் வருகின்றன. அரசின் மகரந்தத்தால் வேம்பு ஒருநாளும் காய்க்காது. இதற்குக் கலியாணம் எதற்கு? புரோகிதருக்குத் தட்சணை கிடைத்ததுதான் கண்ட பலன்.

இக்காலத்தில் சிலர், “அரசு இரவிலும் பிராணவாயு தருகிறது, ஆகவே சுற்றுவது விஞ்ஞானம்” என்கிறார்கள். வெளிச்சமின்றி எந்த மரமும் பிராணவாயுவை உண்டாக்காது. பழைய பொய்க்குப் புதுச்சட்டை போட்டால் மெய்யாகிவிடுமா?

தோழர்களே! இதில் கொடுமை எங்கே என்றால், சுற்றுகிறவள் எப்போதும் பெண்ணே. “அரசமரத்தைச் சுற்றி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்” என்ற பழமொழியிலும் கேலிக்கு ஆளானவள் அவளே. மலடி என்ற சொல் நாவில் புரள்வதுபோல மலடன் என்ற சொல் புரளுகிறதா? ஆண்பனை காய்க்காததை யாரும் ஏசுவதில்லை. அதன் மகரந்தமின்றிப் பெண்பனைக்கு முளைக்கும் விதை இல்லையென்பது தெரிந்ததே. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தையின்மைக்கு ஆளாகிறார். காரணம் ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். அப்படியிருக்க அவளை மட்டும் மரத்தைச் சுற்ற விடுவதும், சுபகாரியத்தில் ஒதுக்குவதும், இரண்டாந்தாரம் தேடுவதும் என்ன நியாயம்?

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கு வந்தது. தாவரவியல் கற்ற பட்டதாரிகளுக்கு இவ்வூரில் குறைவில்லை. பூவை அறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர், வீட்டிற்கு வந்து மருமகளை மரத்தைச் சுற்றச் சொன்னால், அப்படிப்பு பரீட்சைக்கு உதவிற்றேயொழிய அறிவுக்கு உதவவில்லை என்றே சொல்லுவோம்.

ஆகவே, மரத்தை நிழலுக்கும் பறவைக்கும் நடுங்கள், வெட்டாமல் காப்பாற்றுங்கள். குழந்தை வேண்டுமானால் கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்தியரிடம் செல்லுங்கள். குழந்தை இல்லாவிட்டாலும் பெண் முழு மனுஷியே என்பதை உணருங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.